நம்ம ஊர்ல இல்லாததா!

கீஸா பிரமிடின் அடியில் போய் நின்றால் எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். நம்மூரார் மட்டும் நம் முகத்தைப் பார்ப்பார். அசந்துபோய் ஏதாவது சொல்லிவிடுவோமோ என்ற கவலை அவருக்கு. அதனால் முந்திக்கொள்வார்: "நல்லாத்தான் கட்டியிருக்கான். ஆனா நம்ம தஞ்சாவூர் பெரிய கோயில் முன்னாடி இதெல்லாம் என்ன சார்?"

பெயர் வேண்டாம். உங்களோடு வந்தவரின் பெயரைப் போட்டுப் படித்துக்கொள்ளுங்கள், பொருந்தும். எங்கள் ஆள் நாமக்கல்காரர். ஊரில் இருக்கும்வரை சேலத்துக்காரரைக்கூட "வெளியூர் ஆளு" என்பார். கெய்ரோ விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்ததோ இல்லையோ, தஞ்சாவூர், மதுரை, மாமல்லபுரம், ஆதிச்சநல்லூர் எல்லாம் அவருடைய பூர்வீகச் சொத்தாகிவிட்டன.

எங்கள் வழிகாட்டி ஒரு இளம்பெண். பழைய எகிப்து வரலாற்றைப் பல்கலைக்கழகத்தில் முறையாகப் படித்தவர். "இது கூஃபு மன்னரின் பிரமிடு. கட்டி ஏறக்குறைய 4,600 வருஷம் ஆகிறது. சுமார் 23 லட்சம் கற்கள். முதலில் 146 மீட்டர் உயரம் இருந்தது, உச்சி சிதைந்து இப்போது 138 மீட்டர்…" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நம்மூரார் பள்ளிக்கூடப் பையன் மாதிரி கையைத் தூக்கினார்.

"மேடம், இதோட நிழல் கீழே விழுமா?"

"விழுமே."

"அங்கதான் மேடம் விஷயமே இருக்கு. எங்க ஊர் கோபுரத்தோட நிழல் தரையில விழவே விழாது."

அந்தப் பெண் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு மிகுந்த மரியாதையோடு, "அங்கே வெயில் அடிக்காதா?" என்று கேட்டார்.

நிழல் விழும். தினமும் விழுகிறது. சாயங்காலமானால் குடும்பம் குடும்பமாக வந்து அந்த நிழலில்தான் உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்கிறார்கள். நம்மூராரே அதில் உட்கார்ந்து எடுத்துக்கொண்ட படம் அவருடைய போனில் இருக்கிறது. அந்தப் படத்தைக் காட்டித்தான் நிழல் விழாது என்று வழிகாட்டிக்கு விளக்கினார்.

உயரத்தில் ஒப்பிட்டால் நம் விமானம் 216 அடி, கூஃபு கட்டியது 481 அடி. ராஜராஜன் 1010இல் கோயிலை முடித்தபோது பிரமிடுக்கு வயது 3,500 ஆகியிருந்தது. பேரனையும் எள்ளுத்தாத்தாவையும் சுவரோரம் நிறுத்தி யார் உசத்தி என்று அளப்பதில் இரண்டு பேருக்குமே மரியாதை இல்லை.

ஊர்ப்பெருமை பேசுவதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது. பேசுவதைச் சரியாகப் பேசித் தொலைக்கக்கூடாதா என்பதுதான் என் வயிற்றெரிச்சல். நிழல் பஞ்சாயத்து ஓய்ந்தபின் அந்தப் பெண் அருமையான ஒரு சங்கதி சொன்னார். மெரெர் என்ற மேற்பார்வையாளர், தூரா சுரங்கத்திலிருந்து சுண்ணாம்புக் கற்களைப் படகில் ஏற்றிப் பிரமிடுக்குக் கொண்டுவந்ததைத் தினக்கணக்காக எழுதிவைத்திருக்கிறார். அந்தப் பாப்பிரஸ் ஏடுகள் 2013இல் செங்கடல் கரையில் வாதி அல்-ஜர்ஃப் என்ற இடத்தில் கிடைத்தன. எழுத்துள்ள பாப்பிரஸ்களில் இதுவரை கிடைத்தவற்றில் மிகப் பழையவை அவைதான். மன்னர்களை விட்டுவிட்டு வேலை பார்த்தவனின் கணக்கு நோட்டு!

இங்கே அல்லவா பெரிய கோயிலை எடுத்துவிட்டிருக்க வேண்டும்? ஆடல் பெண்கள் 400 பேரின் பெயர்களை, எந்தத் தெருச் சிறகில் எத்தனையாவது வீடு, எந்த ஊரிலிருந்து வந்தவள், எவ்வளவு நெல் சம்பளம் என்பதுவரை ராஜராஜன் கல்லில் வெட்டிவைத்திருக்கிறானே. கேட்டிருந்தால் அந்தப் பெண் நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டிருப்பார். நம்மூராருக்கு அது தெரியாது. கோயிலுக்கு எத்தனையோ முறை போயிருக்கிறார், கல்வெட்டுப் பக்கம் கண்ணைத் திருப்பியதில்லை. நிழல் விழவில்லை என்று யாரோ சொன்னதைக் கேட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

ஸ்ஃபிங்ஸிடம் போனோம். சிங்க உடம்பு, மனிதத் தலை, 73 மீட்டர் நீளம், நின்ற பாறையிலேயே குடைந்தது. "நம்ம ஊர்ல ஒரு கோயில்லயே நூறு யாளி இருக்கும்" என்றார். யாளிக்கு ஏது மனிதத் தலை? மனிதத் தலையும் சிங்க உடம்புமாக நம் கோயில்களில் புருஷாமிருகம் என்றே ஒன்று செதுக்கியிருக்கிறார்கள், சிதம்பரத்தில் போய்ப் பார்க்கலாம். உறவு சொல்லிக்கொள்ள அதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்காது. சரியான உறவுக்காரனைத் திண்ணையில் உட்காரவைத்துவிட்டு, எதிர் வீட்டுக்காரனை உள்ளே அழைத்துவந்து அறிமுகம் செய்கிறார்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அரிசி, பருப்பு, மக்ரோனி, கொண்டைக்கடலை, மேலே தக்காளிச் சாறும் பொரித்த வெங்காயமும் போட்ட கொஷாரி "நம்ம ஊர் கதம்ப சாதம்". அவரைப் பருப்பை அரைத்துப் பொரிக்கும் தாமியா "நம்ம மசால்வடை". பாலில்லாமல், கண்ணாடிக் கிளாஸில், சர்க்கரையை அள்ளிப் போட்டுத் தரும் ஷாய்க்கு மட்டும் நம்ம ஊரில் சமானம் அகப்படவில்லை. அன்று முழுக்க முகம் வாடியிருந்தார்.

ஒட்டகக்காரர் விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. எகிப்தில் இந்திய முகத்தைப் பார்த்தால் முதலில் வருகிற வார்த்தை "அமிதாப் பச்சன்!" அங்கே அவருக்கு அவ்வளவு செல்வாக்கு. எங்களைப் பார்த்தும் ஒட்டகக்காரர் அதையே கூவினார். நாங்கள் சிரித்துக் கையசைத்து நகர்ந்தோம். நம்மூராருக்குத் தன்மானப் பிரச்சினை ஆகிவிட்டது. "நோ அமிதாப். ரஜினி!" என்றார். ஒட்டகக்காரருக்குப் புரியவில்லை. போனில் வீடியோ காட்டலாம் என்றால் சிக்னல் இல்லை. உடனே கூலிங்கிளாஸைக் கழற்றி ஒரு சுற்றுச் சுற்றிக் கண்ணில் மாட்டப்போனார். அது மணலில் விழுந்தது. எடுத்துத் துடைத்து மறுபடியும் சுற்றினார், மறுபடியும் விழுந்தது. அதற்குள் மற்ற ஒட்டகக்காரர்களும் கூடிவிட்டார்கள். கடைசியில் ஒரு தடவை கண்ணாடி தப்பித்தவறிக் காதில் போய் மாட்டிக்கொண்டதும் ஒரே கைதட்டல். நாங்களும் தட்டினோம், உண்மையிலேயே நன்றாக இருந்தது. கைதட்டலில் மயங்கியவர் பேரம் பேசாமல் ஒட்டகத்தில் ஏறிவிட்டார். இறங்கும்போது கேட்ட தொகையைப் பார்த்துத்தான் "நம்ம மெரினாவுல குதிரைக்கு இவ்வளவு கிடையாது" என்றார். ஒட்டகக்காரர் கினேயை (எகிப்து பவுண்டுதான்) எண்ணி மடித்து வைத்துக்கொண்டு, "அமிதாப் வெரி குட்" என்றார்.

ஆளைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். எங்களில் ஒருவருக்கு வயிறு கெட்டு ராத்திரி முழுக்க எழுந்து எழுந்து போய்க்கொண்டிருந்தபோது, ஓட்டல் அறையின் தண்ணீர்க் கெட்டிலில் நொய்யரிசிக் கஞ்சி வைத்து, பெட்டியிலிருந்து உப்பு நார்த்தங்காயை எடுத்துக் கொடுத்து, விடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அவர்தான். அன்றைக்கு மட்டும் எதையும் எதோடும் ஒப்பிடவில்லை.

ஆனாலும் சொல்கிறேன்: காசு கொடுத்து வைத்த வழிகாட்டி ஒரு வாக்கியத்தையாவது முடிக்கட்டும் சார். நாங்கள் கடல் தாண்டி வந்தது எகிப்தைப் பார்க்க. தஞ்சாவூருக்கு நாமக்கல்லிலிருந்தே பஸ்ஸில் போய்விடலாம்.

ஃபுஸ்தாத்தில் இருக்கும் தேசிய நாகரிக அருங்காட்சியகத்துக்குப் போனோம். 2021 ஏப்ரலில் மன்னர்களும் ராணிகளுமாக 22 மம்மிகளை, பொன்னிற வண்டிகளில் வைத்து, பீரங்கி மரியாதையோடு ஊர்வலமாகக் கொண்டுவந்து சேர்த்த இடம். கல்லறை மாதிரியே இருட்டான அறை. படம் எடுக்கக்கூடாது, சத்தம் போடக்கூடாது. நம்மூராருக்கு ரகசியம் பேசினாலும் மைக் வைத்ததுபோல்தான் வரும். "நம்ம ஆதிச்சநல்லூர்ல தாழி தாழியா எடுத்தாங்க" என்றார். காவலர் உதட்டில் விரலை வைத்தார். "செத்தவங்களைக் கண்ணாடிப் பெட்டியில வெச்சு டிக்கெட் போடுறான். நம்ம ஊர்ல செய்வமா?" என்றார். அது நியாயமான கேள்விதான், அதிபராக இருந்த சாதாத்தே அந்தக் காலத்தில் மம்மி அறையை மூடச் சொன்னவர். ஆனால் காவலர் கிட்டேயே வந்துவிட்டார். நம்மூரார் கோபித்துக்கொண்டு, வீட்டுக்குப் போன் பேச வேண்டும் என்று வெளியே போய்விட்டார்.

அவர் போனபிறகுதான் இரண்டாம் ராம்செஸ் முன்னால் வந்து நின்றோம். கி.மு. 1213இல், தொண்ணூறு வயதை ஒட்டி இறந்தவர். செம்பட்டை முடி, வளைந்த மூக்கு. வழிகாட்டி அந்த மூக்கைச் சுட்டிக்காட்டினார். பதப்படுத்தியபோது அதற்குள் மிளகு வைத்திருக்கிறார்கள் என்றார். மிளகு எகிப்தில் விளைவதில்லை. இந்தியாவின் தென்கோடி மலைக்காட்டிலிருந்து, மூவாயிரத்துச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால், எந்த வழியாகவோ வந்து ஒரு பேரரசனின் மூக்கில் சேர்ந்திருக்கிறது. வழிகாட்டி அதோடு நிறுத்தவில்லை. செங்கடல் துறைமுகமான பெரெனிகே கோயில் முற்றத்தில், இந்தியச் சாடி ஒன்றில் ஏழு கிலோவுக்கு மேல் ரோமர் காலத்து மிளகு கிடைத்ததையும், குசைர் அல்-கதீமில் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்ததையும் சொன்னார். "உங்கள் ஊர்ப் பக்கம்தானே?" என்று கேட்டார்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வாசல் பக்கமும் பார்த்தோம். நம்மூரார் இன்னும் போனில்தான் இருந்தார். யாரும் வாய் திறக்கவில்லை.

லக்சரிலிருந்து அஸ்வான் வரை நைலில் அவரோடு ஒரே படகில் போக வேண்டியது இன்னும் பாக்கி இருக்கிறது. நாமக்கல் பக்கம் இதைப் படிக்கிறவர்கள் யாராவது இருந்தால், நாங்கள் ஊர் வந்து சேரும்வரை மிளகு விஷயத்தை அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடாதீர்கள். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.