லோயர் பெர்த் அண்ணாச்சி

திருநெல்வேலி ஜங்ஷன் முன்பதிவு கவுண்டரில் காலை 7 மணிக்கே முதல் ஆளாக ஒருவர் நிற்கிறாரா? கக்கத்தில் மஞ்சள் பை, பைக்குள் நேற்றே எழுதி வைத்த விண்ணப்பம், அதன் தலையில் சிவப்பு மையில் ‘லோயர் பெர்த்’ என்று இரண்டு கோடு போட்டிருக்கிறாரா? அவர்தான். பாளையங்கோட்டையில் தெருவுக்கு ஒருவர் இந்த ஜாதி உண்டு. எங்கள் தெருவில் இருப்பவரை நான் அண்ணாச்சி என்பேன்.

உத்தியோகத்தில் இருந்தவரைக்கும் அண்ணாச்சிக்குப் பயணம் என்றால் ஒன்று ஆடிட், இல்லாவிட்டால் துஷ்டி வீடு. ரிட்டயரான பிறகுதான் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்க்கவே நேரம் கிடைத்தது. மகன் வேளச்சேரியில் குடியிருப்பது அதற்கு நல்ல சாக்கு.

சென்னைக்கு ரயிலில் ஓர் இரவுதான். ஆனால் அண்ணாச்சியின் பயணம் 120 நாள். ஆவணியில் டிக்கெட் எடுத்தால் மார்கழியில் வண்டி ஏறுவார். நடுவில் தினமும் காலண்டர் தாளைக் கிழித்துவிட்டு, எதிர்ப்பட்டவரிடமெல்லாம் மிச்ச நாளைச் சொல்வார். அப்படி இருந்த மனிதரிடம் 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவுக் காலம் 60 நாள்தான் என்று வந்து சொன்னால்? அன்று சாயங்காலம் திண்ணையில் துக்கம் விசாரிக்கப் போனவனைப் போலத்தான் நானும் உட்கார்ந்திருந்தேன். “பாதிச் சந்தோசத்தப் பிடிச்சுக்கிட்டானுவ வே” என்றார்.

அதோடு போகவில்லை. இன்னொரு சிக்கலும் முளைத்தது. முன்பதிவு காலை 8 மணிக்குத் திறக்கும். திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது ராகுகாலம். 120 நாள் கணக்கில் திங்கட்கிழமை திறப்பது செவ்வாய்க்கிழமை வண்டிக்கு. செவ்வாய்க்கிழமை எவன் பிரயாணம் கிளம்புகிறான், நஷ்டமில்லை. 60 நாள் ஆனதும் அந்த ராகு வெள்ளிக்கிழமை வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டார். அன்றிலிருந்து அண்ணாச்சி வெள்ளிக்கிழமை ரயில் ஏறுவதில்லை. புதன்கிழமை அதே நேரம் எமகண்டமாச்சே என்று ஒருமுறை கேட்டுவைத்தேன். “அதையும் பாத்தா நெல்லையப்பர் கோயில் வாசல்லயே கெடக்க வேண்டியதுதான்” என்றார். சாஸ்திரத்திலும் அவருக்கு ஓர் அளவு உண்டு.

மூத்த குடிமக்கள் சலுகை 2020 மார்ச்சில் நின்றுபோனதில் அவரைவிட மதினிக்குத்தான் வருத்தம். 60 தாண்டிய ஆணுக்கு 40 சதவீதம். பெண்ணுக்கு 58 வயதிலேயே 50 சதவீதம். “இந்த வீட்டுல இவுகளவிட எனக்குப் பத்து கூடப் போட்டது ரயில்வேக்காரன் ஒருத்தன்தான்” என்று மதினி இன்றைக்கும் சொல்வாள்.

நெல்லை எக்ஸ்பிரஸ் கிளம்புவது எட்டு மணிக்கு மேல். அண்ணாச்சி ஆறு மணிக்கே பிளாட்பாரத்தில் இருப்பார். பெட்டிக்குச் சங்கிலி, சங்கிலிக்குப் பூட்டு, பூட்டுச் சாவி அரைஞாண் கயிற்றில். இரண்டு பாட்டில் தாமிரபரணித் தண்ணீர். மகன் வீட்டில் தண்ணீர் சுத்திகரிக்கும் மிஷின் இருக்கிறது, இருக்கட்டுமே. வாழை இலைப் பொட்டலத்தில் நல்லெண்ணெயும் மிளகாய்ப்பொடியும் தடவிய இட்லி. மதியம் தடவியது, இரவுக்குள் ஊறி, ஓரமெல்லாம் சிவந்து இலையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பொட்டலத்தைப் பிரித்ததும் பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்க்கும். எதிர் சீட்டுப் பையன் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லி மூன்று தின்பான்.

இவ்வளவு பாடுபட்டு வாங்கிய லோயர் பெர்த்தில் அண்ணாச்சி படுத்து நான் பார்த்ததில்லை. நடு பெர்த்துக்காரர் ஒன்பதரைக்கே பலகையைத் தூக்கினால், “இரவு 10 மணியில இருந்து காலைல 6 மணி வரைக்கும்தான் சார் ரூல்” என்று பணிவாகச் சொல்வார். பத்துக்குத் தூக்கிய பிறகு கழுத்தை மடக்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவார். கங்கைகொண்டான் தாண்டுமுன் எதிர் பெர்த்தில் மதினி குறட்டை. இவர் மதுரைக்கு எட்டிப் பார்ப்பார், திண்டுக்கல்லுக்கு எட்டிப் பார்ப்பார், திருச்சியில் டீ குடிப்பார். ஒவ்வொரு ஊருக்கும் மகனுக்கு ஒரு போன். நள்ளிரவுக்குப் பிறகு ஒருமுறை மகன், “அப்பா, வண்டி எங்க வருதுன்னு என் போன்லயே தெரியுது, நீங்க தூங்குங்க” என்று சொல்லிவிட்டான். விழுப்புரம் வரை அண்ணாச்சி பேசவில்லை. “வண்டி எங்க வருதுன்னு அவனுக்குத் தெரிஞ்சுட்டா, வண்டில நான் எதுக்கு?” என்று என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். செங்கல்பட்டில் மறுபடி போன் போட்டார்.

சென்னையில் மெரினா, கபாலி கோயில் என்று எங்கே கூப்பிட்டாலும் ஒரு தடவை வருவார்; மறு தடவை முழங்கால் வலி. ஆனால் காலையில் பேத்திக்குப் பின்னல் போட்டு வேனில் ஏற்றிவிடுவது அவர் பொறுப்பு. பின்னல் கோணலாகத்தான் இருக்கும். பள்ளிக்கூடத்தில் டீச்சர் அவிழ்த்துப் பின்னிவிடுகிறார் என்பதை வீட்டில் யாரும் அவரிடம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை தாத்தாவும் பேத்தியும் வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறிக் கடற்கரை ஸ்டேஷன் வரை போவார்கள். அங்கே இறங்கி, திரும்பி வர டிக்கெட் எடுத்து, அடுத்த வண்டியிலேயே வந்துவிடுவார்கள். முதல் தடவை பேத்தி, “தாத்தா, எங்க போறோம்?” என்று கேட்டிருக்கிறாள். “ரயில்ல போறோம்” என்றாராம். அதற்குப் பிறகு அவள் கேட்பதில்லை.

போன தடவை திரும்பி வரும் டிக்கெட்டை மருமகள் தன் போனிலேயே எடுத்துவிட்டாள். மாமாவும் அத்தையும் ஒருநாள் கூட இருக்கட்டும் என்று வெள்ளிக்கிழமைக்கு. எடுத்தது திங்கட்கிழமை காலை எட்டு மணி இரண்டு நிமிடம், சுத்தமான ராகுகாலம். இரண்டுமே லோயர் பெர்த்.

ஊர் வந்து சேர்ந்ததும் இதைப் பற்றி அண்ணாச்சியிடம் மெதுவாகக் கேட்டேன். “மெட்ராஸ்ல ராகுகாலம் வேறல்லா வே” என்று சொல்லிவிட்டு, காலண்டரில் விட்டுப்போன தாள்களை ஒன்றொன்றாகக் கிழித்துக்கொண்டிருந்தார்.