மேல என்ன சாமி?

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கிரகப்பிரவேசம். பந்தியில் பக்கத்து இலைக்காரர் முன்பின் தெரியாதவர். ஹவாய்ப் பேச்சு வந்ததும் ரசத்தை அப்படியே விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஹலேயகலாதானே? நாங்களும் சைக்கிள்ல பார்த்தோமே! செம ஜாலி சார். பிரேக்கை மட்டும் விடாம பிடிச்சுக்கிட்டா போதும்" என்றார்.

பிரேக்கை! எனக்கு அதற்குப் பிறகு பாயசம் இறங்கவில்லை. நல்ல பாயசம் வேறு.

விஷயம் இதுதான். மாவி தீவில் ஒரு வியாபாரம் நடக்கிறது. விடியுமுன் வேனில் ஏற்றிக்கொண்டுபோய், எரிமலை உச்சியில் சூரிய உதயம் காட்டுவார்கள். பிறகு ஹெல்மெட்டை மாட்டி, சைக்கிளைக் கையில் கொடுத்து, சரிவில் விட்டுவிடுவார்கள். அதுவும் உச்சியிலிருந்து இல்லை. 2007-ல் ஒரு உயிர் போனபிறகு, தேசியப் பூங்கா எல்லைக்குள் அந்த வியாபாரத்தையே நிறுத்திவிட்டார்கள். இப்போது வேன் பூங்காவுக்கு வெளியே வந்து, சுமார் 6,500 அடியில்தான் ஆளை இறக்குகிறது. மலையோ 10,023 அடி. மேலே மூவாயிரத்து ஐந்நூறு அடியை வேன் சீட்டில் உட்கார்ந்தே இறங்கியவர், என் பக்கத்தில் உட்கார்ந்து அப்பளம் நொறுக்கிக்கொண்டு "நாங்களும்" என்கிறார். ஏறுவதும் இறங்குவதும் ஒன்றாகாது என்பதற்கு என்னிடம் மறுக்கவே முடியாத காரணம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் சகலையைப் பற்றிச் சொல்லாமல் அதற்குப் போக முடியாது.

சகலைக்கு வந்திருப்பது நம் எல்லோருக்கும் உள்ள வியாதிதான். அவருக்குக் கொஞ்சம் முற்றிவிட்டது, அவ்வளவே. மொட்டை மாடியிலிருந்து வத்தலை எடுத்து வரச் சொன்னால், கைக்கடிகாரத்தைத் தேடி மாட்டும்வரை வத்தல் மழையில் நனையும். ராத்திரி பதினொரு மணிக்கு ஹாலுக்கும் சமையலறைக்கும் நடையாய் நடந்து பத்தாயிரத்தை முடித்துவிட்டுப் படுக்கிறீர்களே, நீங்கள் அவரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்.

கலிஃபோர்னியாவிலிருந்து ஐந்து மணி நேரம் பறந்து, கடற்கரையில் நாற்காலியை விரித்து, நான் காலை நீட்டிய நேரத்தில் சகலை வந்து நின்றார். "மாவிக்கு வந்துட்டு ஹலேயகலா ஏறாமப் போறதா? கடல்லேர்ந்து உச்சிக்கு 58 கிலோமீட்டர், 3,055 மீட்டர் உயரம். இறக்கமே கிடையாது, ஒரே ஏத்தம் சகலை!" என்றார். இதை ஒரு நற்செய்தியாகத்தான் சொன்னார்.

உயரம் புரியாதவர்களுக்கு: ஆனைமுடி 2,695 மீட்டர். தென்னிந்தியாவில் அதற்கு மேல் கால் வைக்கத் தரையே கிடையாது. ஹலேயகலா அதைவிட 360 மீட்டர் கூடுதல். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு மிதிக்கிறவருக்குக்கூட முதல் முன்னூறு மீட்டர் இலவசம். இங்கே பாயியா என்ற கடற்கரை ஊரில், சக்கரத்தில் மணல் ஒட்டியிருக்கும்போதே தொடங்க வேண்டும்.

நான் பதில் சொல்லுமுன் மாமியார் குறுக்கிட்டார். தென்காசியிலிருந்து ஆறு மாத விசாவில் வந்திருந்தார். வருஷா வருஷம் தோரணமலை ஏறுகிறவர். மலையைப் பற்றிப் பேச எங்கள் இருவரையும்விடத் தகுதி உள்ளவர்.

"மேல என்ன சாமி, மாப்ளை?"

"சாமியெல்லாம் இல்ல, அத்தை."

"பின்ன எதுக்கு ஏறுதிய?"

என்னிடம் பதில் இல்லை. சகலையிடம்தான் எல்லாவற்றுக்கும் பதில் இருக்குமே. "இருக்கு அத்தை. மாவின்னு ஒரு தேவன். அந்தக் காலத்துல சூரியன் கண்மண் தெரியாம ஓடிக்கிட்டிருந்தானாம். மாவியோட அம்மா ஹீனா, மரப்பட்டையைத் தட்டித் துணி செஞ்சு காயப்போடுவாங்க. துணி காயறதுக்குள்ள பொழுது சாஞ்சிரும். மகன் பார்த்தான். இந்த மலை மேல ஏறி, சூரியனைக் கயித்துல சுருக்குப் போட்டுப் பிடிச்சு, இனிமே மெதுவாப் போறேன்னு சத்தியம் வாங்கிக்கிட்டுத்தான் விட்டான். ஹலேயகலான்னா சூரியனோட வீடு."

மாமியார் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அம்மைக்குத் துணி காயணும்னா சூரியனைப் பிடிச்சான்?" என்றார். "புள்ளைன்னா அது புள்ளை. இங்க ரெண்டு பேரு இருக்கிய. கொடியில கெடக்கதை எடுத்து மடிச்சதுண்டா?"

கதை சொன்னவருக்கும் சேர்த்து விழுந்ததில், அந்த விடுமுறையில் எனக்குக் கிடைத்த ஒரே முழுத் திருப்தி அதுதான்.

ஆனாலும் அத்தையின் கேள்வி லேசானதல்ல. சாமி இல்லாத மலையில் நேர்த்திக்கடன் இல்லை. நேர்த்திக்கடன் இல்லையென்றால் கூட்டம் இல்லை. கூட்டம் இல்லாத இடத்தில் எவன் கடை போடுவான்? இந்த உண்மை எனக்குக் கூலா என்ற ஊரைத் தாண்டி, அடுத்த ஊர் என்று ஒன்று இனி இல்லை என்று தெரிந்தபிறகுதான் உறைத்தது.

நம் ஊரில் மலை ஏறுவதென்றால் கடை கடையாக ஏறுவது. அலிபிரியிலிருந்து திருமலைக்கு 3,550 படி என்கிறார்கள். படியை எவன் எண்ணினான்? வெள்ளரிப் பிஞ்சு, மாங்காய்ப் பத்தை, மோர், மறுபடி வெள்ளரிப் பிஞ்சு, கோவிந்தா. பிஞ்சை நான்காகக் கீறி, உப்பும் மிளகாய்த் தூளும் தடவி, நாம் கேட்பதற்கு முன்பே நீட்டுகிற கை ஒன்று ஒவ்வொரு திருப்பத்திலும் இருக்கும். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளைத் தலைசுற்றலோடு கடந்தால் மேலே அன்னாசிப் பழம் நறுக்கிக்கொண்டிருப்பார்கள். பழநியில் இறங்கி வருகிறவன் பஞ்சாமிர்த டப்பாவோடு வருவதைப் பார்த்தே ஏறுகிறவனுக்குத் தெம்பு வரும். வெள்ளியங்கிரியில், நட்டநடு இருட்டில், குளிரில், மூங்கில் தடியை ஊன்றிக்கொண்டு "சிவனே, இன்னும் எத்தனை மலை" என்று உட்காருகிற இடத்தில் ஒரு சுக்குக் காப்பிக் கடை. அந்தக் கடைக்காரரை யோசித்துப் பாருங்கள். அடுப்பு, பாத்திரம், கருப்பட்டி, தண்ணீர், எல்லாவற்றையும் சுமந்துகொண்டு நமக்கு முன்னால் ஏறியிருக்கிறார். கையில் கடிகாரம் இல்லை. எவ்வளவு நேரத்தில் ஏறினார் என்று எவரும் கேட்டதில்லை. நாம் கேட்பதெல்லாம் "சர்க்கரை கம்மியா ஒண்ணு" மட்டும்தான்.

ஹலேயகலாவில் கடை என்று சொல்ல ஒன்று உண்டு. அடிவாரத்தை ஒட்டி மகாவாவ் என்ற மாட்டுக்காரர் ஊர். அங்கே 1916-ல் தொடங்கிய கொமோடா ஸ்டோரில் கிரீம் பஃப் பிரசித்தம். காலையிலேயே வரிசை நிற்கும். வெண்ணெய் மணம் சாலை வரைக்கும் வந்தது. சகலை நிறுத்தவில்லை. "சராசரி போயிடும் சகலை." அந்த சராசரி இன்றைக்கு எந்த சர்வரில் கிடக்கிறதோ தெரியாது. தின்னாத கிரீம் பஃப் எனக்கு இன்றைக்கும் தெளிவாகத் தெரியும்.

அதற்கப்புறம் யூகலிப்டஸ் மரங்கள். ஊட்டி வாசனை. வாசனை மட்டும்; வர்க்கி இல்லை. சாலைக்குக் குறுக்கே மாடு தாண்டாமலிருக்க இரும்புக் கம்பிகள் பதித்திருந்தார்கள். அதன்மேல் சைக்கிள் போனபோது என் பல் ஒவ்வொன்றும் தனித்தனியாக ஆஜர் சொன்னது. எதிரே அந்த இறக்கக் கோஷ்டி, முகம் மூடிய ஹெல்மெட்டும் ஒரே நிற ஜாக்கெட்டுமாக வரிசையாகச் சறுக்கி வந்தது. "ராங் சைடு போறீங்க!" என்று ஒருவன் கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த கோஷ்டியிலும் ஒருவன் அதையே கத்தினான். வேனில் வரும்போதே சொல்லிக்கொடுத்து அனுப்புகிறார்கள் என்று நினைக்கிறேன்.

நான் கடை போடத் தொடங்கினேன். மனத்தில்தான், வேறு வழியில்லை. அந்த இரும்புக் கம்பி பக்கத்தில் ஒரு மோர்க் கடை. மாடு அங்கேயே மேய்கிறது, கறந்தால் போதும். நாலாயிரம் அடி வளைவில் மிளகாய் பஜ்ஜி. அதற்கு எதிர்சாரியில் இன்னொரு பஜ்ஜிக் கடை, "இதுவே ஒரிஜினல் பழைய கடை, எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை" என்ற போர்டோடு. இரண்டுக்கும் நடுவில் பங்காளிச் சண்டை, கோர்ட்டில் கேஸ். ஐயாயிரம் அடிக்கு மேல் மேகம் மலையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. உள்ளே நுழைந்தால் தூறல், எதிரே ஒன்றும் தெரியாது, விரல் விறைக்கிறது. அங்கே சுக்குக் காப்பி, அதில் பேச்சே இல்லை. பெட்ரோமாக்ஸ் விளக்கு எரியும், ஈரச் சாக்கை உதறிப் போட்டு உட்காரச் சொல்வார்கள். பூங்கா வாசலில் செருப்பு பாதுகாக்குமிடம். அதற்கடுத்து அவித்த வேர்க்கடலை, பன்னீர் சோடா, பொம்மை வளையல், "சார், வாங்காட்டிப் பரவால்ல, பாருங்க" என்கிற ஒருவர். நான் அவரிடம் பேரம் பேசி முடிக்குமுன் நிஜமான பூங்கா வாசலே வந்துவிட்டது.

நிஜ வாசலில் ரேஞ்சர் அம்மா இருந்தார். சைக்கிளுக்கு 15 டாலர். "இந்த டிக்கெட் மூன்று நாளைக்குச் செல்லும்" என்று முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னார். குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டேன். சாப்பிட ஏதாவது என்று கேட்டதற்கு, பூங்காவுக்குள் உணவு விற்பனை கிடையாது என்றார். சகலை ஜெர்சிப் பையிலிருந்து 'எனர்ஜி ஜெல்' என்று ஒரு பாக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். தபாலாபீஸில் கவர் ஒட்டக் கிண்ணத்தில் வைத்திருப்பார்களே, அந்தப் பசையில் மாம்பழ எசன்ஸ் விட்ட மாதிரி இருந்தது.

கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தாரா? ரைடர் ஹெஸ்ஜெடால் என்ற கனடாக்காரர் இதே மலையை 2009 பந்தயத்தில் இரண்டரை மணி நேரச் சொச்சத்தில் ஏறினார் என்றும், 2012-ல் இத்தாலியின் ஜிரோ பந்தயத்தையே வென்றார் என்றும் சொன்னார். "அவரோட மாமியார் கூட வந்தாங்களா?" என்று கேட்டேன். பேச்சு அதோடு நின்றது.

மேகத்துக்கு மேலே வந்துவிட்டால் வேறு உலகம். வெயில் சுரீரென்கிறது, காற்று மட்டும் ஐஸ். கரும்பாறையும் செம்மண்ணும் தவிர ஒன்றுமில்லை. நேநே என்ற வாத்து உண்டு, ஹவாயின் மாநிலப் பறவை. ஒரு காலத்தில் முப்பது சொச்சமாகக் குறைந்துபோய் மீட்டெடுத்த இனம். வழியில் அதற்கென்று எச்சரிக்கைப் பலகை: மெதுவாகப் போகவும். என்னைவிட மெதுவாக எப்படிப் போவது என்று அந்தப் பலகையில் இல்லை. உச்சிக்குப் பக்கத்தில் வெள்ளிவாள் என்ற செடி இருக்கிறது. இந்த வகை உலகிலேயே இந்த மலையில் மட்டும்தான். பல பத்து வருஷம் ஒரே இடத்தில் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கும், ஒரே ஒரு தடவை பூக்கும், செத்துப்போகும். பக்கத்தில் மிதித்தால் வேர் நசுங்கும், தள்ளி நில்லுங்கள் என்று அறிவிப்பு வேறு. சும்மா உட்கார்ந்திருப்பதற்கு இவ்வளவு மரியாதை தருகிற அரசாங்கம் கடற்கரையில் என் நாற்காலியையும் கொஞ்சம் கவனித்திருக்கலாம்.

மூவாயிரம் மீட்டரில் காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் எழுபது சதவீதம்தான். கடைசி மேடுதான் இருப்பதிலேயே செங்குத்து. சாலை போட்டவருக்கு யார்மேல் கோபமோ. மேலே போய்ப் பார்த்தால் பிரம்மாண்டமான பள்ளம். எரிமலை வாய் என்று எல்லாரும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அது வாயே இல்லையாம். மழைத் தண்ணீர் அரித்த இரண்டு பள்ளத்தாக்குகள் ஒன்றாகச் சேர்ந்து, அதில் பிறகு எரிமலைக் குழம்பு நிரம்பியதாம். மலை கடைசியாக வெடித்தே நானூறு வருஷத்துக்கு மேலாகிறது. 1866-ல் ஹவாய் வந்த மார்க் ட்வெயின் இங்கே ஏறி, பள்ளத்துக்குள் பாறைகளை உருட்டிவிட்டு வேடிக்கை பார்த்ததாக அவரே எழுதியிருக்கிறார். உச்சியில் செய்வதற்கு உருப்படியாக வேறொன்றும் இல்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

சகலைக்கு வேலை இருந்தது. கடிகாரம் மொத்த ஏற்றத்தை மூவாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் காட்டிவிட்டது. மனுஷர் சைக்கிளைத் திருப்பி, கார் நிறுத்தத்தின் சின்னச் சரிவில் இறங்குவதும் ஏறுவதுமாக, கடிகாரத்தைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு சுற்ற ஆரம்பித்தார். ஜப்பானிய டூரிஸ்ட் குடும்பம் ஒன்று முதலில் கைதட்டியது. கொஞ்ச நேரத்தில் குழந்தைகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது.

மாமியார் காரில் இருந்தார். சேலைக்கு மேல் என் ஸ்வெட்டர், அதற்கு மேல் மகளின் ஜாக்கெட், தலையில் மஃப்ளர், கையில் தூக்குவாளி. கீழே வாங்கிய சிப்ஸ் பாக்கெட் உயரத்தில் உப்பிப்போய் வெடிக்கிற நிலைமையில் மடியில் இருந்தது. கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கினார்.

"அவரு என்ன, பிரகாரம் சுத்துதாரா?"

"ஆமா அத்தை."

"கண்டிப்பா சாமி இருக்கும். நீங்க உள்ள வாங்க, புளியோதரை ஆறிப்போவு."

எப்படி இறங்கினேன் என்று கேட்பீர்கள். காரின் பின்னால் சைக்கிள் மாட்டுகிற கொக்கி இருந்தது.

அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறைக்கு ஒரு விண்ணப்பம். உச்சியில் கார் நிறுத்துமிடத்தின் ஓரமாக, காற்றடிக்காத பக்கத்தில், ஒரு அடுப்பு வைக்க இடம் கொடுங்கள். வருஷா வருஷம் ஏலம் விடுங்கள், கட்டுகிறோம். சுக்கும் கருப்பட்டியும் எங்கள் பொறுப்பு. தென்காசியில் ஆள் தயாராக இருக்கிறார்கள். விசா மட்டும் உங்கள் பக்கத்து வேலை.