ஆங்கிள் அண்ணன்

குள்ளஞ்சாவடி கடைத்தெருவில் மண்டியிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மழைத்தண்ணீர்க் குட்டைக்குள் எதையோ தேடுகிற ஒருவரைப் பார்த்தால், பாவம் சில்லறையைத் தவறவிட்டுவிட்டார் என்று நீங்களும் குனிந்து தேட ஆரம்பித்துவிடாதீர்கள். அவர் ஆங்கிள் அண்ணன். தொழில், முந்திரிக்கொட்டை கமிஷன் வியாபாரம். சீசன் இல்லாத மாதங்கள் முழுக்கவும், சீசனில் பாதி நேரமும் அவர் செய்வது, ஊரறிந்த கட்டடங்களை ஊரறியாத விதமாகப் படம் பிடிப்பது.

அவர் வாயில் வரும் மிக மோசமான வசவு ‘காலண்டர்’. நாம் ஒரு கோபுரத்தை நேராக நின்று, நடுவில் வைத்து, கலசம் வெட்டுப்படாமல் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினால், ஒரு விநாடி பார்த்துவிட்டு “ம்… காலண்டர்” என்பார். அதோடு அந்தப் படத்தை அழித்துவிடலாம்.

சிதம்பரம் இங்கிருந்து கிட்டம் என்பதால் மாதம் ஒருமுறையாவது போய்விடுவார். நான்கு ராஜகோபுரங்கள், ஒவ்வொன்றும் ஏழு நிலை. காலை வெயில் கிழக்குக் கோபுரத்தின் மேல் நேராக விழும்போது எடுத்தால் சுதைச் சிற்பம் ஒவ்வொன்றும் துலங்கும் என்று எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரியும் என்பதாலேயே அண்ணன் அந்த நேரத்தில் எடுக்க மாட்டார். ஒருநாள் நானும் கூடப் போயிருந்தேன். கோபுரத்துக்கு எதிரே குப்புறப் படுத்து, ஃபோனைத் தலைகீழாகத் தரையோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு அசையாமல் கிடந்தார். பின்னால் வந்தவர்கள் அதை சாஷ்டாங்க நமஸ்காரம் என்று நினைத்து ஒதுங்கிப் போனார்கள். ஐந்து நிமிஷமாகியும் எழுந்திருக்கவில்லை. ஒரு பாட்டி நின்று பார்த்து, “என்ன கஷ்டமோ, நடராஜா நீதான் பாத்துக்கணும்” என்று ஒரு இரண்டு ரூபாய் நாணயத்தை அவர் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனார். அண்ணன் அந்த நாணயத்தையும் முன்னால் வைத்து ஒரு படம் எடுத்தார். நாணயம் தெளிவாக இருக்கிறது. பின்னால் மங்கலாகத் தெரிவது கோபுரம் என்று அவர் சொல்கிறார்.

“கோபுரம் பின்பக்கமா சாயுதேண்ணே” என்று ஒருமுறை கேட்டுத் தொலைத்தேன். ஃபோனை அண்ணாந்து பிடித்தால் செங்குத்தான கோடுகள் மேலே போகப் போக ஒன்றையொன்று நெருங்கும், கோபுரம் கட்டும்போதே மேலே குறுகுவது, இரண்டும் சேர்ந்தால் இப்படித்தான் வரும் என்று டீ ஆறுகிற வரைக்கும் விளக்கினார். அப்படியானால் நாலடி பின்னால் போய் ஃபோனை நிமிர்த்திப் பிடித்தால் சரியாகிவிடாதா என்றேன். “சரியாயிடும்டா. அதுதான் பிரச்சினை” என்றார்.

அவர் பையில் எப்போதும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இருக்கும். தாகத்துக்குக் கேட்டால் கொடுக்க மாட்டார். அது பிரதிபிம்பத்துக்கு. மழை பெய்து குட்டை தேங்குகிற வரை கலைஞன் காத்திருக்க முடியாதல்லவா? கல் தரையில் ஒரு பள்ளமாகப் பார்த்து பாட்டிலைக் கவிழ்ப்பார். லென்ஸ் தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி ஃபோனைத் தலைகீழாக வைப்பார். ஒரு சொம்புத் தண்ணீர் தெப்பக்குளம் மாதிரி விரிந்து, முழுக் கட்டடமும் தலைகீழாக அதில் நிற்கும். வித்தைதான், சந்தேகமே இல்லை. ஆனால் அக்னி நட்சத்திரத்தில் அண்ணன் கோணம் சரிபார்த்து முடிப்பதற்குள் குளம் வற்றிவிடும். ஒருமுறை வற்றவில்லை. தெருநாய் ஒன்று வந்து, அண்ணன் கண்ணெதிரே, கலசத்திலிருந்து ஆரம்பித்து கோபுரத்தை நக்கிக் குடித்துவிட்டுப் போனது.

அவரைத் தோற்கடித்த கட்டடம் ஒன்றே ஒன்று உண்டு. வடலூர் சத்திய ஞான சபை. வள்ளலார் 1872-ஆம் ஆண்டு தைப்பூசத்தன்று திறந்து வைத்த எண்கோண மண்டபம். எட்டுப் பட்டை. அண்ணன் ஒரு பகல் பூராவும் சுற்றிச் சுற்றி வந்து எட்டுக் கோணத்தில் எட்டுப் படம் எடுத்துவந்தார். எட்டையும் வரிசையாகப் பார்த்த அண்ணி, “ஒரே படத்தை எதுக்கு எட்டு வாட்டி எடுத்தீங்க?” என்றார். அன்று ராத்திரி அண்ணன் சரியாகச் சாப்பிடவில்லை.

அண்ணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அந்தம்மா கேட்டது ஒரே வரம்: “கோயில் முழுசா, நாங்க முழுசா, ஒரு படம்.” இன்றுவரை கிடைக்கவில்லை. தஞ்சாவூருக்குப் போனார்கள். ராஜராஜன் 1010-இல் முடித்த பெரிய கோயில், விமானம் மட்டும் 216 அடி. இந்த 216 அடியையும் அண்ணியின் மூக்குத்திக் கல்லுக்குள் அடக்கிவிடலாம் என்று அண்ணனுக்குத் தோன்றிவிட்டது. மே மாதம், உச்சி வெயில், கருங்கல் தளம், வெறுங்கால். “அசையாத, அசையாத” என்கிறார் இவர். அந்தம்மா ஒரு காலை மாற்றி ஒரு காலில் நிற்கிறார். கடைசியில் வந்த படத்தில் மூக்கு இருந்தது. மூக்குத்தியில் வெயில் பளிச்சென்று ஒரு புள்ளியாக இருந்தது. அதற்குள் ராஜராஜேஸ்வரம் இருக்கிறதாம்.

சென்னைக் கதை சுருக்கம். கிராமத்துக் கதாநாயகன் பெட்டியோடு வந்து இறங்குகிற அந்த சென்ட்ரல் ஸ்டேஷனை, சிவப்புச் சுவரும் மணிக்கூண்டுமாக சினிமாவில் ஆயிரம் தடவை காட்டியாயிற்று என்று இவர் ஆட்டோவின் பக்கக் கண்ணாடிக்குள் வைத்து எடுத்தார். ஆட்டோக்காரர் வெயிட்டிங் சார்ஜ் வாங்கிக்கொண்டார். படத்தில் அவர் முகம்தான் நன்றாக விழுந்திருக்கிறது.

அண்ணனுக்கு ஒரு வயிற்றெரிச்சலும் உண்டு. 2020 பிப்ரவரியில் ‘மாஸ்டர்’ படப்பிடிப்புக்காக நெய்வேலி வந்திருந்த நடிகர் விஜய், திரண்டு வந்த ரசிகர்கள் தெரியும்படி வண்டி மேல் ஏறி நின்று ஒரு செல்ஃபி எடுத்தார். அந்த வருஷம் இந்தியாவில் ட்விட்டரில் அதிகம் பேர் பகிர்ந்த படம் அதுதான். “கூட்டம் தெரியுது, ஊரு எங்கடா தெரியுது?” என்று அண்ணன் இன்றைக்கும் கேட்பார். இருபது வருஷம் புழுதியில் புரண்டவருக்கு இருக்காதா?

இந்தச் சமயத்தில்தான், காலேஜ் படிக்கிற மகள், அப்பா கொஞ்சம் அடங்குவார் என்று நினைத்து ஒரு புத்தகத்தைக் காட்டினாள். ஜப்பானில் ஹொகுசாய் என்ற கிழவர், எழுபது வயதை ஒட்டி, ஃபியூஜி மலையை முப்பத்தாறு விதமாக வரைந்து அச்சிட்டார். விற்பனை பிய்த்துக்கொண்டு போகவே இன்னும் பத்து சேர்த்தார். ஒன்றில் பேரலை எழும்ப, மலை மூலையில் சிறுத்துக் கிடக்கும். இன்னொன்றில் ஒருவன் பீப்பாய் செய்துகொண்டிருப்பான், அடிப்பாகமில்லாத அந்த வட்டத்துக்குள்ளே தூரத்தில் மலை தெரியும். அதைப் பார்த்துவிட்டு பாரிசில் ஆன்ரி ரிவியேர் என்பவர் ஈஃபிள் கோபுரத்தையும் முப்பத்தாறாக வரைந்து 1902-இல் புத்தகமாகப் போட்டார். அண்ணன் அடங்கவில்லை. “நம்மகிட்ட மலை இருக்கா? இல்ல. இருக்கறது மைன்ஸ்ல கொட்டின மண்மேடு. ஆனா சிம்னி இருக்குல்ல!” என்றார். நெய்வேலிச் சிம்னி, முப்பத்தாறு காட்சிகள்.

சுரங்கத்துக்குள்ளும் மின்நிலையத்துக்குள்ளும் அனுமதி இல்லாமல் கேமராவோடு போக முடியாது என்பது அவருக்குச் சௌகரியமாகப் போயிற்று. கிட்டே போனால் காலண்டர். சைக்கிள் சக்கரத்துக்குள் சிம்னி, பலாப்பழத்துக்குப் பின்னால் சிம்னி, குறிஞ்சிப்பாடி லுங்கி காய்கிற கொடிக்கு நடுவில் சிம்னி. சோவியத் உதவியோடு கட்டி 1962-இல் ஓடத் தொடங்கிய பழைய அனல்மின் நிலையம் 2020-இல் ஓய்ந்தபோது, முப்பத்தாறில் பதினொன்றுதான் முடிந்திருந்தது என்று துக்கம் விசாரிக்க வந்தவரைப் போலப் பேசினார். நல்லவேளையாகப் புதிய நிலையங்களுக்கும் சிம்னி இருந்தது.

இங்கே ஒரு உள்ளூர் வழக்கைச் சொல்லாமல் மேலே போக முடியாது. குள்ளஞ்சாவடியிலிருந்து பார்த்தால் நெய்வேலிச் சிம்னி தெரியுமா, தெரியாதா? மழை விட்ட மறுநாள் காலை, மாடியில் ஏறி மேற்கே பார்த்தால் தெரியும் என்பது அண்ணன் கட்சி. அது பனைமரம் என்பது ஊர் கட்சி. முப்பத்தாறாவது படத்தோடு இந்த வழக்கும் முடிந்துவிடும் என்று சொல்லிவிட்டு, ஐப்பசியில் அடைமழை விட்ட ஒரு காலை, டீக்கடை மாடிக்கு ஏறினார். ஹொகுசாய்க்குப் பீப்பாய் என்றால் அண்ணனுக்கு உளுந்து வடை.

முதல் வடையில் ஓட்டை மூடிக்கொண்டிருந்தது. இரண்டாவது தூக்கும்போதே பிய்ந்தது. கீழே எட்டிப் பார்த்து, “மாஸ்டர், ஓட்டை கொஞ்சம் பெருசா போடுங்க” என்றார். மாஸ்டர் ஒன்றும் பேசவில்லை. கையைத் தண்ணீரில் நனைத்து, மாவை உள்ளங்கையில் தட்டி, கட்டைவிரலை நடுவில் விட்டு இரண்டு சுற்றுச் சுற்றி எண்ணெயில் நழுவவிட்டார். வளையல் மாதிரி ஒரு வடை வந்தது. அண்ணன் அதை இடக்கையில் நீட்டிப் பிடித்தார். சூடு பொறுக்காமல் விரல் மாற்றினார். எண்ணெய் மணிக்கட்டு வழியாக முழங்கை வரை இறங்கியது. ஃபோன் வடையைக் கண்டால் சிம்னியை விட்டுவிடும், சிம்னியைக் கண்டால் வடையைக் கலைத்துவிடும். கடைசியில் வடையை என் கையில் கொடுத்து, பத்தடி தள்ளி நிற்கச் சொல்லி எடுத்தார். அன்று மொத்தம் பதினான்கு வடை. ஒன்பதை நான் சாப்பிட்டேன்.

படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, மாஸ்டரிடம் கொடுத்தார். பொன்னிறமான வடை, மொறுமொறு ஓரம் தெரிய, அடிவானத்தையே அடைத்துக்கொண்டு நின்றது. மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. கல்லாவுக்கு மேலே, முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். அன்றிலிருந்து பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு இரண்டு இரண்டாக வாங்குகிறார்கள்.

போன வாரம் அண்ணன் டீ குடிக்க வந்தபோது மாஸ்டர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“சார், ஒண்ணும் நெனச்சுக்காதீங்க. அந்த ஓட்டைக்குள்ள மட்டும் ஏதோ தூசி விழுந்திருக்கு. அதை எடுத்துட்டு இன்னொண்ணு போட்டுத் தர முடியுமா?”