வெள்ளிமலைத் தடத்தில் பேருந்துறக்கம்: ஓர் அவத்தை ஆய்வு

கட்டிலில் உறங்குவோரைப் பற்றி அறிஞர்கள் தேவைக்கு மேல் எழுதிவிட்டார்கள். கள்ளக்குறிச்சியில் வெள்ளிமலை வண்டி ஏறி, மடியில் பையும் சட்டைப்பையில் டிக்கெட்டுமாக வாய் பிளந்து உறங்குகிறவரைப் பற்றி எழுதுவார் இல்லை. வீட்டில் விடிய விடியப் புரண்டு படுத்தவர் கச்சிராயபாளையம் வருவதற்குள் குறட்டை விடுகிறார் என்றால், அது ஆராயத்தக்க செய்தியே.

ஆய்வின் எல்லையை முதலில் சொல்லிவிட வேண்டும். குடித்துவிட்டு உறங்குவோர் இதில் சேரார். 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் என்ன செய்தது என்பதைக் கண்ட ஊரில் அந்த மயக்கம் வேடிக்கைப் பொருள் அன்று.

கோட்பாடு தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. 13ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் வாழ்ந்த மெய்கண்டார், சிவஞானபோதத்தின் நான்காம் நூற்பாவில் உயிரின் ஐந்து அவத்தைகளை, அதாவது நிலைகளை, தொட்டுச் சென்றார். அவர் மாணாக்கர் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் கணக்கையே கொடுத்துவிட்டார். நனவில் உயிர் நெற்றியில் நிற்கும், அதற்குத் துணை நிற்கும் கருவிகள் 35. கனவில் கழுத்துக்கு இறங்கும், 25. உறக்கத்தில் நெஞ்சம், 3. பேருறக்கத்தில் கொப்பூழ், 2. அதற்கும் அப்பால் மூலாதாரம், அங்கே மிஞ்சுவது ஒன்றே ஒன்று.

பேருந்தில் இதை அப்படியே கண்ணால் காணலாம். நெற்றி ஜன்னல் கம்பியில் இடித்தால் பயணி இன்னும் நனவாகிய சாக்கிரத்தில் இருக்கிறார். கழுத்து துவண்டால் சொப்பனம். மோவாய் நெஞ்சில் பதிந்தால் சுழுத்தி. மடியிலுள்ள பைமேல் ஆள் கவிழ்ந்து கிடந்தால் துரியம். துரியாதீதம் கடைசி நீள சீட்டில், அதுவும் கூட்டம் இல்லாத நாளில் மட்டுமே வாய்க்கும். பேருந்தையே பார்க்காத ஆசிரியர் இத்தனை துல்லியமாக எழுதியது எப்படி என்று உரையாசிரியர்கள் யாரும் வியக்காதது எனக்கு வியப்பு.

மேலை அறிவியல் தாமதமாகவே வந்து சேர்ந்தது. ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்னலைகளை 1929இல்தான் வெளியிட்டார். 1953இல் சிகாகோவில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும், உறக்கத்தில் கண்மணிகள் விரைந்து அலையும் ஒரு கட்டம் உண்டென்றும் கனவுக்கும் அதற்கும் தொடர்புண்டென்றும் காட்டினார்கள். அக்கட்டத்தில் உடல் தசைகள் தளர்ந்துவிடும். சாதாரணமாக அக்கட்டம் வருவதற்கே ஒன்றரை மணி நேரம் போலாகும். ஆகவே உட்கார்ந்தபடி பத்து நிமிடம் கண்ணயர்ந்துவிட்டு நீண்ட கனவு சொல்லும் பயணியை ஐயத்தோடே கேட்க வேண்டும். அவர் கண்டது பெரும்பாலும் உறக்கத்தின் வாசற்படியில் தோன்றும் துண்டுக் காட்சிகள். அதே வாசற்படியில்தான் கால் திடீரென்று உதறி முன்சீட்டை உதைக்கிறது. உதைத்தவர் உடனே ஜன்னலுக்கு வெளியே கூர்ந்து பார்த்து, "எந்த ஊருங்க இது?" என்பார். இந்தக் கேள்விக்கு விடை தேவையில்லை.

2011இல் ஜெனீவா ஆய்வாளர்கள், நான்கு நொடிக்கு ஒருமுறை மெல்ல ஆடும் கட்டிலில் ஆட்களைப் பகலில் படுக்க வைத்து, அசையாக் கட்டிலைவிட அதில் விரைவாகத் தூக்கம் வருகிறது என்று கண்டார்கள். இதற்கென்று அவர்கள் தனியாக ஒரு கட்டில் செய்ய வேண்டியிருந்தது. நமக்கு அரசுப் போக்குவரத்துக் கழகம் இருக்கிறது. கரும்பு டிராக்டருக்குப் பின்னால் வண்டி ஊர்ந்து போகும் நாளில் ஜெனீவாவின் தாளம் இன்னும் நன்றாகவே அமைகிறது.

கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் ஆய்வு சிக்கலாகிறது. வளைவுக்கு வளைவு உடல் பக்கவாட்டில் தள்ளப்பட, சமவெளிக்காரர் விழித்து எலுமிச்சம்பழத்தை மூக்கருகில் பிடிக்கிறார். பக்கத்தில் மலைக்காரப் பெரியவர், காலடியில் காலிச் சாக்கு, கண் மூடியபடியே வளைவுக்குத் தக்கபடி சாய்ந்து கொடுக்கிறார். பாதையைக் கண் மறந்தாலும் இடுப்பு மறப்பதில்லை போலும். தலை பக்கத்துத் தோளில் விழுவதிலும் வேறுபாடு உண்டு. ஆண்கள் தோளை ஒருமுறை குலுக்கித் தள்ளுவார்கள், மறுமுறை தொண்டையைச் செருமுவார்கள், மூன்றாம் முறை விதியே என்று இருந்துவிடுவார்கள். பெண்கள் பக்கத்தில் முதல் முறையிலேயே, "சாஞ்சுக்கோ, பரவால்ல" என்று கேட்கிறது.

இனி மையமான புதிர். நடத்துநர் கச்சிராயபாளையத்தில் கத்தும்போது அசையாதவர், "கரியாலூர் எறங்கு!" என்றதும் எழுந்து, செருப்பை மாட்டி, சாக்கையும் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார். 1960இல் ஆஸ்வால்டும் கூட்டாளிகளும் உறங்குவோரின் காதில் பல பெயர்களை ஒலிக்கவிட்டுப் பார்த்தபோது, சொந்தப் பெயருக்கு மூளையலைகள் கூடுதலாகத் துள்ளின. பேருந்தில் ஏறியவருக்குச் சொந்தப் பெயர் எதற்கு? டிக்கெட் வாங்கிய நொடியில் அவர் கரியாலூர் ஆகிவிடுகிறார். மற்ற 34 கருவிகளும் ஓய்ந்தபின் எஞ்சும் அந்த ஒன்று ஆன்மாவே என்பது சித்தாந்தம். அது இறங்குமிடம் என்பது இக்கட்டுரையின் பணிவான திருத்தம்.

இறங்குமிடத்தைத் தவறவிட்டு வெள்ளிமலை வரை போய்விடுவோரும் உண்டு. அவர்கள் இத்திருத்தத்துக்கு எதிர்ச்சான்று ஆகார். டிக்கெட் வாங்கும்போதே அரைத்தூக்கத்தில் இருந்தவர்கள்.

வண்டி முழுதும் அவத்தை அவத்தையாக இறங்கிக் கிடக்கையில் 35 கருவிகளோடும் இருந்தாக வேண்டியவர் ஓட்டுநர் ஒருவரே. அவர் கருத்தைச் சேர்க்காத ஆய்வு குறையுடையது என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் ஓட்டுநரிடம் பேசக் கூடாது என்று அவர் தலைக்கு மேலேயே எழுதியிருக்கிறது.