பான்சிட்டும் பேன்சீப்பும்

பிலிப்பைன்ஸ்காரர் இல்லாத சரக்குக் கப்பல் அபூர்வம். என் அக்கா மகன் வேலை பார்க்கும் கப்பலில் சமையல்காரரே அந்த ஊர்தான். யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் சட்டி நிறைய பான்சிட் கிண்டிவிடுவாராம். நூடுல்ஸ் நீளமாக இருந்தால் ஆயுசும் நீளும் என்பது சீனர்களிடமிருந்து அவர்களுக்கு வந்த நம்பிக்கை. லீவில் பாளையங்கோட்டைக்கு வந்த இடத்தில் பையனுக்குப் பிறந்தநாள் வந்தது. "கேக் வேண்டாம் மாமா, பான்சிட் செய்வோம்" என்றான்.

வண்ணாரப்பேட்டையில் ஒரு பெரிய கடையில் போய் "பான்சிட் இருக்கா?" என்று கேட்டேன். "பேன்சீப்பா சார்? ரெண்டாவது வரிசை, ஷாம்புக்குப் பக்கத்துல" என்றான் கடைப்பையன். காதில் அப்படி விழுந்ததில் தப்பில்லை. என் வழுக்கையைப் பார்த்த பிறகும் "சாருக்கா?" என்று கேட்டதுதான் அதிகம்.

பான்சிட் பிஹோனுக்கு மெல்லிய அரிசி நூடுல்ஸ் வேண்டும்; பாக்கெட் அரிசிச் சேவை கிடைத்தது. கலமான்சி என்ற குட்டி எலுமிச்சைக்குப் பதில் புளியங்குடி எலுமிச்சை. பாத்திஸ் என்னும் மீன் சாற்றுக்குத்தான் திண்டாட்டம். பொடிமீனை உப்பில் போட்டு மாதக்கணக்கில் புளிக்கவைத்து வடிப்பது அது. "பொடிமீனு, உப்பு... நம்ம நெத்திலிக் கருவாடுல்லா!" என்று என் மனைவி டப்பாவைத் திறந்தாள். கருவாட்டைச் சுடுதண்ணீரில் ஊறப்போட்டு வடிகட்டினோம். பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள். எதிர்வீட்டு அண்ணாச்சி, "மத்தியானம் எனக்கு ஒரு சோலியும் இல்ல" என்று தானாக வந்து உட்கார்ந்தார்.

"இது ஒரிஜினல் இல்லையே மாமா" என்று மருமகன் முனகினான்.

"ஏல, ஒரிஜினலே இரவல் சரக்குதான். சீனத்து யாவாரி கொண்டுபோன நூடுல்ஸை அந்தந்த ஊர்க்காரன் கையில கிடைச்சதைப் போட்டு மாத்திக்கிட்டான். கடலோர மலபோன்ல சிப்பியும் இறாலும் போடுதான். லுக்பான்ல வாழையிலையில வச்சு, வினிகர் ஊத்தி, கை படாம வாயாலேயே அள்ளுதான்."

"கை எதுக்கு இருக்காம்?" என்றாள், அவனுக்கு ஆச்சியான என் அம்மா.

நான் விடவில்லை. 1762-இல் மெட்ராஸிலிருந்து கப்பலேறிய ஆங்கிலேயப் படை மணிலாவைப் பிடித்தது. 1764-இல் படை கிளம்பியபோது, கூடப் போன நம் சிப்பாய்களில் சிலர் திரும்பாமல் காயிந்தா என்ற ஊரிலேயே தங்கிவிட்டார்கள். அங்கே அவர்களுக்கு யார் மல்லியும் மிளகும் அனுப்பினார்கள்? இருந்ததை வைத்துக் குழம்பு கூட்டியிருப்பார்கள். கரே-கரே என்ற நிலக்கடலைக் குழம்பே அவர்கள் கைவரிசை என்று அங்கே ஒரு பேச்சு உண்டு. "அவியளுக்கு ஆகும்னா நமக்கு ஆகாதா?" என்றதும் பையன் அடங்கினான்.

பூண்டு, வெங்காயம், கோழி வதங்கியதும் கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸைப் போட்டு அரைவேக்காட்டில் தனியே எடுத்துவிட வேண்டும். அதே சட்டியில் கோழி வெந்த தண்ணீரும் சோயா சாஸும் கருவாட்டுச் சாறும் கொதிக்கும்போது சேவை விழவேண்டும். அத்தனை தண்ணீரையும் அது குடித்துப் பழுப்பேறிப் பளபளத்ததும் காயைக் கொட்டிக் கிளறினால் முடிந்தது. "எதை வேணும்னாலும் மாத்தலாம் மாமா. நூடுல்ஸை மட்டும் ஒடிக்கக் கூடாது, ஆயுசு..." என்று அவன் சொல்லும்போதே மடக் மடக்கென்று சத்தம். அம்மா சேவையை ஒடித்துச் சட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆச்சி! ஆயுசு!"

"எனக்கு எம்பத்திரெண்டு ஆவுது. உப்புமாவுக்குச் சேமியாவ ஒடிச்சு ஒடிச்சுத்தான் இவ்வளவு காலம் இருக்கேன்" என்றவள், கையோடு கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டினாள்.

பையன் வீடியோ காலில் சமையல்காரரைப் பிடித்துச் சட்டியைக் காட்டினான். கருவாட்டைக் கண்டதும் அவர், "டிலிஸ்!" என்று துள்ளினார், அவர்கள் ஊரிலும் நெத்திலியைக் காயப்போடுகிறார்கள். அம்மா போனை வாங்கி, "தம்பி, இதுக்குத் தொட்டுக்கிட என்ன வைப்பிய?" என்று கேட்டாள். அவருக்கு என்ன புரிந்ததோ, "யெஸ் மேடம்" என்றார்.

"பாத்தியால, அவியளுக்கும் தொட்டுக்கிட இருக்கு. ஒனக்குத்தான் கேக்கத் தெரியல" என்று சொல்லிவிட்டு, அம்மா தன் பங்குப் பான்சிட்டின் மேல் இரண்டு கரண்டி சொதியை ஊற்றிக்கொண்டாள்.