அரியர் அண்ணன்

ஒரகடம், வல்லம், மாத்தூர், சுங்குவார்சத்திரம் என்று எந்தப் பக்கம் போனாலும் சரி, கம்பெனிப் பையன்கள் ஆறேழு பேர் சேர்ந்து எடுத்திருக்கும் ரூமில் ஒரு அரியர் அண்ணன் இருப்பார். பி.இ. மெக்கானிக்கல். எல்லாத் தாளும் பாஸ், மூன்றாம் பருவக் கணக்கான எம்3 தவிர. கம்பெனிக்கு இது தெரியாது. இன்ஜினியர் என்று சொன்னால் லைனில் நிற்கமாட்டான் என்று கான்ட்ராக்ட்காரர் கழித்துக்கட்டுவார் என்பதால், பிளஸ் டூ சர்டிபிகேட்டை மட்டும் நீட்டி உள்ளே போனவர். உள்ளே அவருக்கு வேலை காருக்குக் கதவு மாட்டுவது. வெளியே வந்துவிட்டால் அவரே ஒரு பல்கலைக்கழகம்.

ஏ ஷிப்ட் முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கி சேஃப்டி ஷூவைக் கழற்றுவதற்குள் வாசலில் நாலு பேர் நோட்டுடன் நிற்பார்கள். வேலை பார்த்துக்கொண்டே டிப்ளமோ படிப்பவன், தபால் வழியில் பி.காம். போட்டவன், பக்கத்துக் கல்லூரியில் தூங்கிவிட்டு வந்தவன். யாருக்கும் அவர் எழுதித் தரமாட்டார். பக்கத்தில் உட்காரவைத்து எழுதவைப்பார். கட்டணம் ஒரு டீ. தேர்வுக்கு முந்தின வாரம் என்றால் இரண்டு புரோட்டா, சால்னா தனியாக.

“அண்ணே, மைனஸ் பையிலிருந்து பை வரைக்கும் எக்ஸ் ஸ்கொயர். ஃபூரியர் சீரிஸ் போடணும்.”

“ஈவன் ஃபங்ஷன்டா. பி-என் சைபர்னு முதல்ல எழுது. பாதி கணக்கு போச்சா?”

இன்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் என்றால் அண்ணனுக்குக் கூடுதல் குஷி. ஒரு ஷிப்ட் 480 நிமிடம். சாப்பாடு, டீ என்று ஒரு மணி நேரம் போனால் 420. அன்றைய டார்கெட் 420 வண்டி. ஆக, வண்டிக்கு 60 விநாடி. “புஸ்தகத்துல இதோட நிறுத்திடுவான். பாத்ரூம் போறதுக்கு ரிலீவர் வர்ற வரைக்கும் நிக்கிற நேரம் எந்த ஃபார்முலாவிலயும் கிடையாது” என்பார். மார்க்குக்கு உதவாத இந்தச் செய்தியைத்தான் பையன்கள் கடைசிவரை மறப்பதில்லை.

பி.காம். பையனுடைய இருப்பாய்வு ஒருநாள் டேலி ஆகவில்லை. புத்தகத்தைப் புரட்டிய அண்ணன், வித்தியாசத்தைத் தற்காலிகமாகத் தூக்கிப் போட சஸ்பென்ஸ் அக்கவுண்ட் என்று ஒன்று முறைப்படியே இருப்பதைக் கண்டு வாயடைத்துப்போனார். தப்பை வைப்பதற்கே தனிக் கணக்கு! இப்படி ஒரு வசதி மெக்கானிக்கலில் இருந்திருந்தால் தன் வாழ்க்கையே வேறு என்று அன்று முழுக்கப் புலம்பினாராம்.

அவர் திறமையின் உச்சம் ஆங்கில இலக்கியம். செல்போன் கம்பெனி ஹாஸ்டலில் இருக்கும் ஒரு பெண், திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. படிக்கிறவள், கேட்டாள்: “அண்ணா, ஹாம்லெட் ஏன் பழிவாங்க லேட் பண்றான்?” அண்ணன் ஷேக்ஸ்பியரைத் தொட்டவரில்லை. ஆனால் கம்பெனியில் ‘ஃபைவ் வொய்’ டிரெய்னிங் எடுத்தவர். கதையைக் கேட்டுக்கொண்டு ஆரம்பித்தார். “ஏம்மா லேட்டு? பேய் சொன்னது நெஜமான்னு செக் பண்ணணும். ஏன் செக் பண்ணணும்? பேய் ரூபத்துல சாத்தான் வந்து ஏமாத்தலாம். ஏன் அந்தச் சந்தேகம்? கம்ப்ளெய்ன்ட் வாய்மொழியா வந்திருக்கு, இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் இல்ல. அவ்வளவுதாம்மா.” விமர்சகர்கள் தடித்தடிப் புத்தகமாக எழுதியதை மூன்றாவது ‘ஏன்’னிலேயே முடித்துவிட்டார்.

ஊர் ராசியும் இருக்கலாம். இதே வட்டாரத்து ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜர் திருக்கோஷ்டியூர் நம்பியிடம் 18 முறை நடந்து பெற்ற ரகசியத்தை, சொன்னால் நரகம் என்று தெரிந்தும் ஊரறியச் சொன்னார் என்பது வைணவ மரபு. அண்ணனும் எம்3-க்கு நடையாய் நடந்தவர். தேர்வுக்கு முந்தின இரவு மொட்டை மாடியில் நின்று, வரப்போகிற கேள்விகளை ஒளிக்காமல் சொல்லிவிடுவார். கேட்டவர்களுக்கெல்லாம் மோட்சம். நம்பி ராமானுஜரை மன்னித்துக் கட்டிக்கொண்டார். அண்ணா பல்கலைக்கழகம் இவரை இன்னும் கட்டிக்கொள்ளவில்லை.

2013 ரெகுலேஷனில் சேர்ந்தவர். 2017 ரெகுலேஷன் வந்தது, 2021 வந்தது, 16 மார்க் கேள்வி 13 மார்க் ஆனது. எம்3 அசையவில்லை. 2020 ஆகஸ்டில், அரியருக்குத் தேர்வுக் கட்டணம் கட்டியிருந்தாலே பாஸ் என்று தமிழக அரசு அறிவித்தது நினைவிருக்கும். ‘அரியர் மாணவர்களின் அரசனே’ என்று முதல்வருக்கு போஸ்டர்கூட அடித்தார்கள். அந்தப் பருவம் பார்த்து அண்ணன் கட்டணம் கட்டவில்லை. பணம் ரூம் அட்வான்ஸுக்குப் போயிருந்தது. மறு ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம், தேர்வே வைக்காமல் பாஸ் போடுவதை ஏற்க முடியாது என்று சொன்ன பிறகுதான் மனிதருக்குத் தூக்கம் வந்தது.

கணக்கு வராமலா ஃபெயில் ஆகிறார்? சி ஷிப்டில் இரவெல்லாம் கதவு மாட்டிவிட்டு, விடிந்ததும் அப்படியே தேர்வுக்குப் போகிறார். முதல் மணி நேரம் ஃபூரியர் சீரிஸ். மிச்சம் இரண்டு மணி நேரமும் தூக்கம். இதற்கு ‘ஃபைவ் வொய்’ தேவையில்லை, ஒன்றே போதும்.

ஆகவே, இதைப் படிக்கிற லைன் லீடர்கள் கவனிக்க வேண்டும். பழைய அரியர்காரர்களுக்குப் பல்கலைக்கழகம் அவ்வப்போது சிறப்பு வாய்ப்பு தருகிறது. அடுத்த முறை உங்கள் லைனில் கதவு மாட்டுகிற ஒருவர் தலையைச் சொறிந்துகொண்டு லீவு கேட்டால், காரணம் கேட்காமல் முந்தின இரவையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். தேர்வு காலை 10 மணிக்கு.