மாமனார் வீட்டில் இல்லை

பெண் பார்க்கப் போகிறவர்கள் என்னென்னவோ விசாரிக்கிறார்கள். ஜாதகம், சம்பளம், சொந்த வீடா, சர்க்கரை வியாதி உண்டா என்று துருவித் துருவிக் கேட்டுவிட்டு, மாமனாருக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் என்ன பழக்கம் என்று மட்டும் கேட்க மாட்டார்கள். எங்கள் வீட்டுப் பெரியவர்களும் கேட்கவில்லை. கே.கே. நகரில் ஹவுசிங் போர்டு வீடு, கிண்டி தொழிற்பேட்டையில் லேத் டர்னர், குடி கிடையாது, சிகரெட் கிடையாது என்றதும் தட்டு மாற்றிவிட்டார்கள். அதெல்லாம் இருந்திருந்தால் மனிதர் ஒருவேளை வீட்டில் உட்கார்ந்திருப்பார்.

மாமாவுக்கு இருந்தது வேறு வியாதி. தண்ணீர் தேங்கி நின்று, அதில் ஒரு கொக்கும் நின்றால் சைக்கிள் தானாக நின்றுவிடும். வேலைக்குப் போகிற வழியில் அசோகர் தூண், காசி தியேட்டர் எல்லாம் தாண்டினால் அடையாற்றுப் பாலம். ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு வண்டியை விரட்டும் இடம் அது. இவர் கட்டைச்சுவரில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு எத்தனை மடையான், எத்தனை நீர்க்காகம் என்று எண்ணுவார். ஷிஃப்டுக்கு ஒரு நாளும் லேட் கிடையாது. எண்ணுகிற நேரத்தையும் கணக்கில் சேர்த்துத்தான் வீட்டிலிருந்து கிளம்புவார்.

மூன்று பெண்களைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தது அந்த லேத்தில் வந்த ஓவர்டைம் காசுதான். உள்ளங்கையில் எப்போதும் ஏதாவது ஒரு இரும்புப் பிசிறு ஏறியிருக்கும். சாப்பிட்டு முடித்ததும் அத்தை ஊக்கால் அதை எடுத்துவிடுவார். மைக்ராமீட்டரை வைத்து ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கூடினாலும் அந்த ஜாபைத் தூக்கிப் போட்டுவிடுகிற மனிதர், வெளியே கிளம்பிவிட்டால் மட்டும் அளவு என்பதையே மறந்துவிடுவார். "இதோ பக்கம்தான் மாப்ளே" என்றால் குறைந்தது ஆறு கிலோமீட்டர்.

வீட்டுக்குப் பக்கத்திலேயே சிவன் பூங்கா இருக்கிறதே, அங்கே நடக்கலாமே மாமா என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "சுத்திச் சுத்தி வர்றதுக்கு செக்குமாடு போதும் மாப்ளே, நாம எதுக்கு?" என்றார்.

இயற்கையை ரசிக்கிற மற்றவர்கள் தனியாகப் போய்விட்டு வருவார்கள். குடும்பம் நிம்மதியாகத் தூங்கும். மாமா குடும்பஸ்தர். தனக்குக் கிடைத்த சந்தோஷத்தை மனைவி, மக்கள், வந்த மாப்பிள்ளைகள் என்று ஒருவர் விடாமல் விடியற்காலை நாலரை மணிக்கு எழுப்பிப் பங்கு வைத்தார்.

என் தலைதீபாவளி நவம்பரில் வந்தது. எண்ணெய் தேய்த்துக் குளித்து, மஞ்சள் தடவிய புது வேட்டியோடு, மைசூர்பாகுக்கும் மத்தியானத் தூக்கத்துக்கும் தயாராக உட்கார்ந்திருந்தேன். தெருவில் சரவெடி. மாமா பக்கத்தில் வந்து ரகசியமாக, "வெடிச்சத்தமே கேக்காத ஊர் ஒண்ணு இருக்கு, வாங்க" என்றார். நம்பிப் போனேன். தாம்பரம், செங்கல்பட்டு என்று பஸ் மாறி மாறி, தூறலில் நனைந்து இறங்கினால் வேடந்தாங்கல்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. பறவைகள் மிரளும் என்று அந்த ஊரில் தீபாவளிக்குப் பட்டாசு கொளுத்துவதில்லை. ஏரியில் தங்கும் பறவைகளைச் சுடக் கூடாதென்று ஊர்க்காரர்கள் வெள்ளைக்காரன் காலத்திலேயே மல்லுக்கு நின்றிருக்கிறார்கள். செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ் 1798ல் அதற்குக் கௌல் என்ற உறுதிப் பத்திரமே எழுதிக் கொடுத்தார். காரணம் வெறும் கருணை இல்லை. எச்சம் விழுந்து விழுந்து ஏரித் தண்ணீரே உரமாகிவிடுகிறது, அது வயலுக்குப் பாய்கிறது. "பறவை வாடகை கொடுக்குது மாப்ளே" என்றார் மாமா. பறவைகள் அன்றைக்கு முழுசாக வந்து சேரவில்லை என்பதுதான் சிக்கல். நாங்கள் வந்துவிட்டோம்.

கையில் ஒரு பைனாகுலரைக் கொடுத்தார். பர்மா பஜாரில் வாங்கியது. கழன்று விழுந்த வளையத்துக்குப் பதிலாகத் தானே லேத்தில் பித்தளையில் கடைந்து, மயிரிழை மரை போட்டு மாட்டியிருந்தார். வளையம் பளபளவென்று இருந்தது. இடது கண்ணில்தான் ஒன்றும் தெரியவில்லை.

கூட வந்த அத்தை புளியோதரைத் தூக்கைக் கீழே வைக்க இடமில்லாமல் சேற்றில் நின்றார். "அங்க பாரு, கரண்டிவாயன்!" என்று மாமா கூவினார். "கரண்டியப் பார்த்து அலுத்துப்போய்த்தானே வெளியே வந்தேன், இங்கயுமா?" என்றார் அத்தை.

ஒரு புத்தகக் கண்காட்சியில் மாமாவுக்குத் தியடோர் பாஸ்கரன் தொகுத்த 'மழைக்காலமும் குயிலோசையும்' வாங்கிக் கொடுத்தேன். மா. கிருஷ்ணன் தமிழில் எழுதிய இயற்கைக் கட்டுரைகள். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன், மயிலாப்பூர்வாசி. 1950லிருந்து 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் தொடர்ந்து பத்தி எழுதியவர் என்று நான் சொன்னபோது மாமாவின் முகத்தில் பெரிய மாற்றம் இல்லை. 1996 பிப்ரவரி 18 அன்று அவர் இறந்த நாளிலும் பத்தி வெளிவந்தது என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நாப்பத்தாறு வருஷம், ஒரே கம்பெனி! சாகற அன்னிக்கும் ஆப்சென்ட் இல்ல!"

பல கேமராக்களின் பாகங்களைக் கோத்து, 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்து, தானே உருவாக்கிய கேமராவில் அந்த மனிதர் யானைகளைப் படம் பிடித்த கதையைச் சொன்னேன். மாமா வெகுநேரம் பேசவில்லை. "மரை யார் போட்டுக் குடுத்திருப்பாங்க?" என்றுதான் கடைசியில் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அந்த வருத்தம் அவருக்கு ரொம்ப நாள் இருந்தது.

போன வருஷம் மாமா காலமானார். கூடத்தில் படம் மாட்டி மாலை போட்ட அன்று, துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் அத்தை சொன்னார்: "கல்யாணமான நாள்லேர்ந்து இப்பத்தான் ஞாயித்துக்கிழமை வீட்ல இருக்கார்." சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் வந்தவர்கள் காபியைக் குடித்தார்கள்.

பைனாகுலர் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. வேடந்தாங்கல் போகிறவர்கள் யாராவது கே.கே. நகர்ப் பக்கம் இருந்தால் வந்து வாங்கிக்கொண்டு போகலாம். வலது கண்ணால் மட்டும் பார்க்க வேண்டும். நவம்பரிலிருந்து மார்ச் வரை சீசன், டிசம்பர் தாண்டிப் போனால் கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை எல்லாம் கூட்டம் கூட்டமாகக் கிடைக்கும். தலைதீபாவளி மாப்பிள்ளையை மட்டும் தயவுசெய்து வீட்டில் தூங்க விட்டுவிட்டுப் போங்கள்.